என் படத்துக்குக் கீழே

ஜூன் 11, 2013

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தேன். முன்னறைச் சுவரில் அப்பா படத்துக்கும் அம்மா படத்துக்கும் நடுவில், கழுத்தில் சந்தன மாலையும் தலைக்கு மேல் சிவப்புப் பல்புமாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கீழே ‘ச. குத்தாலிங்கம், மறைவு 15.1.2010’ என்று எழுதியிருந்தது.

வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சவுதியில் பொது மன்னிப்பு என்றதும் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் அவுட் பாஸை வாங்கி விமானம் ஏறினேன். சென்னையிலிருந்து ரயிலில் தென்காசி, அங்கிருந்து பஸ். சொல்லாமல் போய் நின்றால்தான் அவரவர் முகத்தைப் பார்க்க முடியும் என்று நினைத்தேன். பார்த்தாயிற்று.

என் மனைவி உலகம்மாள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கத்தவில்லை, மயங்கி விழவில்லை. தூள் ஒரு பொட்டு சிந்தாமல் தட்டை இறக்கி வைத்தாள். அதைக் கவனித்தேன். அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து தம்பி திருமலை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதான்.

“யாருலே எனக்குக் கொள்ளி வச்சது?” என்றேன்.

“நாந்தாண்ணே.”

சரி. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

ஜூன் 12

விழித்ததும் மறுபடியும் நான். மாலையில் கொஞ்சம்கூடத் தூசி இல்லை.

ஜூன் 14

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிட்டேன். ஐந்து வருடம் என்னிடமிருந்து பேச்சு மூச்சில்லை. பழைய கம்பெனியில் என்னுடன் இருந்த ஒருவன் ஊருக்கு வந்து, அங்கே ஒரு கூடாரம் தீப்பிடித்ததில் அடையாளம் தெரியாமல் போனவர்களில் நானும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். அந்த ‘இருக்கலாம்’ போதும் இவர்களுக்கு. வைக்கோலில் ஆள் செய்து, என் வேட்டியைச் சுற்றி, ஆற்றங்கரையில் வைத்துக் கொளுத்தியிருக்கிறான் தம்பி. தலையும் மீசையும் மழித்துப் பதினாறாம் நாள் விருந்து வேறு. செத்த நாள் தெரியாததால் தை அமாவாசையைப் போட்டுக்கொண்டார்களாம். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். என் தம்பி என்னைப் படையலுக்கே அனுப்பிவிட்டான்.

இன்று கோயில் பூசாரி வந்தார். என்னைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்து சொன்னார்: “கொள்ளி வச்சாச்சு. அதனால வந்திருக்கது புதுசாப் பொறந்த ஆளு மாரி. தலைக்குத் தண்ணி ஊத்தி, காதுல பேரச் சொல்லணும். பொறவு அந்தப் பொம்பளைக்கே மறுபடியும் தாலி கட்டணும். அதுவர புருசன் பொஞ்சாதின்னு ஒறவு கெடையாது.”

“இல்லன்னா?”

“இல்லன்னா நீரு செத்த ஆளுதாம்வே.”

ஆனி கடைசி முகூர்த்தம் ஜூலை 11. அதை விட்டால் ஆடி வந்துவிடும். ஆவணி வரை தாலி பேச்சே எடுக்க முடியாது. திருமலை உடனே, “பதினொண்ணே வச்சிருவோம்ணே” என்றான். அவனுக்கு அவசரம். செய்த பாவத்தைச் சீக்கிரம் மூடப் பார்க்கிறான்.

பூசாரி போனதும் அவன் ஸ்டூல் போட்டுப் படத்தைக் கழற்றப் போனான்.

“கைய எடுலே” என்றேன். “நான் சொல்லாம அந்தப் படம் எறங்கக் கூடாது. பல்பும் அணையக் கூடாது. நீ மாட்டுனத நீ நாளும் பாரு.”

ஸ்டூலில் நின்றபடியே உறைந்துபோனான். எட்டு வருடத்தில் இவ்வளவு ருசியாக எனக்கு எதுவும் இருந்ததில்லை.

ஜூன் 17

முன்னறையில் என் படத்துக்குக் கீழே பாய். உலகம்மாள் உள்ளறையில். விடிந்ததும் பீடி இலையை நனைத்து, ஈரச் சாக்கில் பொதிந்து, கத்தரிக்க உட்கார்ந்துவிடுகிறாள். நான் இருந்த காலத்தில் ஊர்ப் பேச்சும் சிரிப்புமாகச் சுற்றுவாள். இப்போது கை மட்டும் ஓடுகிறது.

இன்று மதியம் திருமலை வீட்டில் மீன் குழம்பு. சாப்பிட வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தான். “செத்தவனுக்கு என்னலே பந்தி? மொறப்படி செய்யி. படத்துக்கு முன்னால எலயப் போடு, காக்காவக் கூப்பிடு. அது எடுத்த பொறவு நான் சாப்பிடுதேன்” என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. முற்றத்தில் நின்று ‘கா கா’ என்று கத்தினான், ஐம்பது வயதை எட்டப் போகிறவன். தெருவே எட்டிப் பார்த்தது. அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு மீன் குழம்பு நன்றாக இறங்கியது.

ஜூன் 20

நாலு நாளாக இதே பூசை. இன்று காகம் வர முக்கால் மணி நேரம். அவன் வெயிலிலேயே நின்றான்.

ஜூன் 23

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று டீக்கடையில் பேச்சு. நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. டீ மாஸ்டர் கிளாசை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். ஒருவர் என் காலைக் குனிந்து பார்த்தார், தரையில் படுகிறதா என்று. எனக்கு வைத்திருக்கிற பெயர் ‘மறுபிறவி அண்ணாச்சி’. ரேஷன் கார்டில் பெயர் இல்லை, ஓட்டர் லிஸ்டில் இல்லை. எல்லாம் தம்பி தயவு.

உலகம்மாள் பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள், “எட்டு வருசமும் நீங்க சொன்ன பேரீச்சந் தோட்டத்துலயா இருந்தீய?”

“ஆமா. கஃபீல், அதாம் மொதலாளி, பாஸ்போர்ட்டப் பிடுங்கிட்டான். தப்பிச்சு ஓடித் தோட்டத்துல கெடந்தேன். சுத்தி மண்ணு. போன் ஏது, மனுசன் ஏது.”

“எட்டு வருசமுமா?”

“கடைசில கொஞ்ச நாள் ஒரு கடையில நின்னேன்.”

“என்ன கடை?”

“பலசரக்கு. அரிசி, சோப்பு, அது இது.”

 இத்தனை கேள்வி எந்தப் பெண்டாட்டியும் கேட்க மாட்டாள்.

ஜூன் 30

புளியங்குடியிலிருந்து மகள் செண்பகம் வந்தாள். பதினாலு வயதில் போனில் கேட்ட குரல், இப்போது இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதை ஒளிப்பானேன்.

பிறகு அலமாரியில் அவள் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். ‘காலஞ்சென்ற ச. குத்தாலிங்கம் அவர்களின் புதல்வி’. ஆவணி 2010. எனக்குக் கருமாதி முடிந்து ஏழே மாதம்.

“சித்தப்பன் வேல சுத்தமா இருக்கு. கல்யாணம் தடைபடக் கூடாதுன்னு அப்பனக் கொன்னுட்டான்” என்றேன்.

“எப்பா, சித்தப்பாவ ஒண்ணும் சொல்லாதீய. மாப்பிள வீட்ல, அப்பா இருக்காரா இல்லையான்னு ஒரு சொல்லு சொல்லுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னாவ. சித்தப்பா கடைசி வர முடியாதுன்னுட்டாவ. ஒங்களத் தேடி ஒரு கோணிப்பை நெறய மனு எழுதி அலைஞ்சவிய அவிய. அம்மாதான்...”

உள்ளறையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. செண்பகமும் நிறுத்திவிட்டு, பிள்ளைக்குப் பசிக்கிறது என்று எழுந்து போனாள்.

சித்தப்பனுக்கு எத்தனை வக்கீல் பார்.

ஜூலை 4

தீர்மானித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உலகம்மன் சன்னதியில், ஊர் கூடி நிற்கும்போது, திருமலை என் காலில் விழ வேண்டும். ‘உயிரோடு இருந்த அண்ணனுக்குக் கொள்ளி வைத்த பாவி நான்’ என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பதினொன்றாம் தேதி தாலி கட்டுவேன்.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. “ஊரு முன்னாலயாண்ணே? எம் மருமவப்பிள்ளையெல்லாம் வருவாவ.”

“நீ எரிச்சது ஊரு முன்னாலதான?”

“மயினிக்காகவாவது எறங்கி வாங்கண்ணே. அவிய என்ன பாவம் செஞ்சாவ?”

“அவளுக்காகத்தாம்லே கேக்கேன். அவ தாலிய அறுத்தது நீதான?”

உள்ளறைக் கதவைப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “சரிண்ணே, விழுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 7

விழுந்தான். சொன்னான். நடுவில் குரல் தாழ்ந்ததும், “கேக்கல” என்றேன். மறுபடி முதலிலிருந்து சொன்னான். அவன் மருமகன் செருப்பைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான். பூசாரி கண்ணை மூடிக்கொண்டார்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். இந்த நிமிடத்தை அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நினைத்த அளவு இனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருக்கிறது.

திரும்பும் வழியில் உலகம்மாள் எனக்கு முன்னால் நடந்தாள். எப்போதும் பின்னால் வருகிறவள்.

ஜூலை 10

காலையில் கொடியில் ஒரு மஞ்சள் கயிறு காய்ந்துகொண்டிருந்தது. அவளே நூலை முறுக்கி, மஞ்சளில் தோய்த்துப் போட்டிருக்கிறாள். கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிக் காகிதத்தோடு அலமாரியில் வைத்திருக்கிறாள். பச்சை.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இவ்வளவு சுலபமாகவா? எனக்காக அவளுக்குப் பொட்டழித்து மூன்றரை வருடம் இருந்தார்கள். ஒரு மாதம் என் இஷ்டத்துக்குக் காத்திருக்கட்டுமே.

ஜூலை 11

வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன். பூசாரி வந்து காத்திருந்துவிட்டுப் போனார். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 13

கடைக்குக் கொண்டுபோகப் பீடிக் கட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய கட்டை மஞ்சள் கயிற்றால் கட்டியிருந்தாள்.

“அது அந்தக் கயிறா?”

“ஆமா. சும்மாதான கெடந்துச்சு.”

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணிதான். திருமலை வருகிறான், காகத்தைக் கூப்பிடுகிறான், போகிறான். கெஞ்சுவதில்லை. கெஞ்சினால் நன்றாக இருக்கும்.

ஜூலை 24

கடையநல்லூர் சாகுல் வந்தான். கடையில் என்னோடு நின்றவன். நான் அவசரத்தில் விட்டுவிட்டு வந்த பெட்டியைச் சிரமப்பட்டுத் தூக்கி வந்திருக்கிறான். அவனை வாசலிலேயே பேசி அனுப்பியிருக்க வேண்டும். வெயில் என்று உள்ளே கூப்பிட்டது என் தப்பு.

படத்தைப் பார்த்துப் பதறிவிட்டான். பிறகு உலகம்மாள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தான்: “அண்ணனுக்கா மால? அக்கா, அண்ணன் இல்லாட்டி எங்க ஏரியாவுல ஒருத்தனும் ஊருக்குப் பேசியிருக்க மாட்டான். போன் கார்டு விக்கது இவியதான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் கார்டச் சொரண்டி, நம்பரப் போட்டு, போனக் கையில குடுப்பாவ. ‘பேசுலே, வீட்ல காத்துக்கெடப்பாவ’ம்பாவ. வெள்ளிக்கெழம ஆனா வரிசதான். எங்கம்மாகிட்ட நான் வாராவாரம் பேசுனது அண்ணன் போட்டுக் குடுத்துத்தான்.”

சுற்றிக்கொண்டிருந்த பீடி அவள் விரலில் பாதியில் நின்றது. சுற்ற ஆரம்பித்த பீடியை அவள் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

“எத்தன வருசம் இருந்தாவ அங்க?”

“நான் போகும்போதே அண்ணன் அங்கதான் இருந்தாவ. ஆறு வருசம் இருக்கும்லாண்ணே?”

சாகுலுக்கு எப்போதும் வாய் அதிகம். ஆறெல்லாம் இல்லை. ஐந்தே முக்கால்.

வாசலில் திருமலை சோற்றுச் சட்டியோடு நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. சட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இன்று காகத்தை யாரும் கூப்பிடவில்லை.

ஜூலை 25

என் பக்கத்தையும் எழுதி வைக்கிறேன்.

2005 பிப்ரவரியில் செண்பகத்துக்குச் சடங்கு. கஃபீல் லீவு தரவில்லை. பெற்ற பிள்ளை சடங்குக்குப் போக முடியாமல் அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மறுநாள் ஊர் எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டேன். திருமலைதான் எடுத்தான். எப்படிலே நடந்தது என்றேன். “நீங்க இல்லாட்டியும் ஒரு கொறையும் இல்லாம நடந்துச்சுண்ணே” என்றான். அவன் சிரித்தபடி சொன்னான். நான் இல்லாமல் ஒரு குறையும் இல்லையாம்.

சரி, ஒரு மாதம் பேசாமல் இருப்போம், அப்போது தெரியும் அருமை என்று போனை வைத்தேன். அது தப்பா? அதற்குள் தோட்டத்துக்கு ஓட வேண்டி வந்தது. அங்கே இரண்டு வருடம் போன் இல்லை, அது உண்மை. கடைக்கு வந்த பிறகு, அவர்கள் முதலில் தேடட்டும் என்று ஒரு மாதம். அப்புறம் இன்னொரு மாதம். அப்புறம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நம்பர் மட்டும் மறக்கவே இல்லை.

இதையெல்லாம் இன்று அவளிடமும் சொன்னேன். இலை கத்தரித்துக்கொண்டே கேட்டாள்.

“தேடட்டும்னு இருந்தீயளே, ஒங்க நம்பர் எங்ககிட்ட இருந்துச்சா?”

நான் தரையில் கிடந்த இலைத் துணுக்குகளைப் பொறுக்கினேன்.

“அந்தப் போன்ல அப்பிடிச் சொல்லச் சொன்னது நான். ‘ஒண்ணும் கொறையில்லன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க, இல்லன்னா அவிய அங்க கெடந்து மருகுவாவ’ன்னு சொல்லிவிட்டேன். பக்கத்துலதான் நின்னேன். என்கிட்டக் குடுக்கதுக்குள்ள வச்சிட்டீய.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“கருமாதியும் நாந்தான் செய்யச் சொன்னேன். அவிய முடியவே முடியாதுன்னாவ. நான் கால்ல விழுந்து செய்ய வச்சேன். பிள்ள வாழணும்லா. எனக்கும் ஒரு முடிவு வேணும்லா. அஞ்சு வருசமா, நீங்க பேசுத நாளுன்னு ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் எஸ்டிடி பூத் வாசல்ல போய் ஒக்காந்திருந்தேன்.”

வெள்ளிக்கிழமை. இங்கே அவள் உட்கார்ந்திருந்த நேரத்தில் அங்கே நான் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

ஜூலை 29

திருமலை என்னை ‘அண்ணே’ என்று கூப்பிடுவதில்லை. தெருவில் யாரிடமோ என்னை ‘வந்திருக்கவிய’ என்று சொன்னான். கூப்பிட்டு நிறுத்தி, அன்று கோயிலில் உண்மையை ஏன்லே சொல்லவில்லை என்று கேட்டேன். “மயினி பேரு வெளிய வரக் கூடாதுல்லா” என்று சொல்லிவிட்டு நடந்தான். எனக்கு அவன் மேல் இன்னும் கோபம் வருகிறது. எதற்கென்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 2

மதியம் யாரும் இல்லாதபோது ஸ்டூல் போட்டு ஏறினேன். மாலையைக் கழற்றிவிட்டேன். படத்தில் கை வைத்தபோது பின்னால் அவள் குரல்.

“தொடாதீய.”

“உலகு, போதும். எறக்கிருதேன்.”

“எறங்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய? இருக்கட்டும். அவருக்கு நான் பதினாறு நாள் அழுதிருக்கேன். மூணு வருசமாத் தூசி தட்டுதேன்.”

மாலையை மறுபடி மாட்டிவிட்டு இறங்கினேன். கோணலாக இருக்கிறது என்று சொன்னாள். சரிசெய்தேன்.

ஆகஸ்ட் 6

ஆடி அமாவாசை. மூன்று வருடமாகப் பாபநாசம் போய் எனக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த திருமலை இந்த வருடம் போகவில்லை. ஆள் உயிரோடு இருக்கும்போது இறைப்பது பாவமாம். இப்போது சொல்கிறான்.

உலகம்மாள் நிறுத்தவில்லை. விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு அடுப்பில் உட்கார்ந்தாள். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல், பருப்புப் பாயசம். எல்லாம் எனக்குப் பிடித்தவை. படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறினாள். கடைசியாகத் தட்டிலிருந்து தன் கையால் சுற்றிய பீடி ஒன்றை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். நான் பீடியை விட்டு ஏழு வருடம் ஆகிறது. சொல்ல வாய் வரவில்லை. படத்தில் இருக்கிறவன் குடிப்பான்.

முற்றத்தில் போய்க் காகத்தைக் கூப்பிட்டாள். நான் நடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி கூப்பிட்டபோது வராமல் அலைக்கழித்த காகம் இவள் ஒரு குரல் கொடுத்ததும் வந்தது. அது சாப்பிட்டு முடியும்வரை கைகூப்பி நின்றாள். அவள் உதடு அசைந்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு உள்ளே வந்து இன்னொரு இலையைப் போட்டு, “வாங்க” என்றாள். உட்கார்ந்தேன். அதே சோறு, அதே துவையல். பீடி இல்லை.

“ஆவணியில மூணு முகூர்த்தம் இருக்காம்” என்றேன். “பூசாரி சொன்னாரு.”

துவையலை வைத்துக்கொண்டே சொன்னாள்: “போனவருக்கும் சோறு வச்சாச்சு. வந்தவருக்கும் வைக்கேன், இருக்க மட்டும் வைப்பேன். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு மட்டும் என்னச் சொல்லச் சொல்லாதீய.”

“அப்போ கயிறு?”

“கழுத்து என்னுதுல்லா.”

பச்சை வளையலைச் செண்பகத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். சவுதிக்குப் போகும் முன்னால் எனக்கு எவ்வளவு உப்பு வேண்டுமோ, அதே உப்பு. 

இலையை எடுக்கும்போது பார்த்தோம், படத்துக்கு மேல் சிவப்புப் பல்பு அணைந்திருந்தது. ஃபியூஸ் போய்விட்டது. அமாவாசையும் அதுவுமாக இருட்டாக இருக்கக் கூடாது என்றாள்.

“எனக்கு எட்டாது. நீங்க மாட்டித் தாறீயளா?”

கடைக்கு நடந்து போய்ப் புதுப் பல்பு வாங்கி வந்தேன். ஸ்டூலை அவள் பிடித்துக்கொண்டாள். நானே மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் எரிந்தது.